பட்டிமண்டபத்துக்குப் புதியவர்கள் வந்தபோது



எங்கள் வானொலியின் இலக்கியக் கலந்துரையாடலுக்கு இப்போது புதியவர்கள் பலர் வருகிறார்கள். சிலர் டூட்டிங்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். "நூலைப் படிக்காமல் வந்து பேசுகிறார்கள், தரம் குறைகிறது" என்பது பழைய நேயர்களின் குறை. "இப்படிச் சொன்னால் பிள்ளைகள் தமிழையே விட்டுவிடுவார்கள்" என்பது பெற்றோரின் கவலை. இரண்டிலும் நியாயம் உண்டு. கம்பன் ரசிகர்கள் இதே சிக்கலை நமக்கு வெகுகாலம் முன்பே சந்தித்திருக்கிறார்கள்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பன் பாடல்களைச் சுவைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிலர் கூடும் இடத்தில் பெரிய சட்டதிட்டம் தேவைப்படாது.

1939 இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்கு ரசிகமணியே தலைமை தாங்கினார். வீட்டுக்குள் இருந்த கம்பன் ஊர்ப் பந்தலுக்கு வந்துவிட்டான். கம்பனைப் படித்தவர்களோடு படிக்காதவர்களும் வந்து அமர்ந்தார்கள். கணேசன் அவர்களுக்குக் கதவடைக்கவில்லை. கட்டுப்பாட்டை மேடைக்கு வைத்தார். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு இன்றும் பேசப்படுகிறது.

காரைக்குடி மேடையில் வளர்ந்ததுதான் இன்றைய பட்டிமண்டபம். சொல் மிகப் பழையது. மணிமேகலையில் புகார் நகரத்து விழாவை அறிவிப்பவன், வாதம் செய்யவல்லவர்கள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறவேண்டும் என்கிறான். பகைவரோடும் சினந்து சண்டையிடாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான்.

இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா? இரு அணிகளும் கம்பன் பாட்டிலிருந்தே சான்று காட்டவேண்டும். குன்றக்குடி அடிகளாரைப் போன்ற நடுவர் காரணம் சொல்லித் தீர்ப்பளிப்பார். ஒரு பாட்டும் தெரியாமல் வந்தவர், இரு பக்க நியாயத்தையும் பத்துப் பாட்டையும் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அடுத்த ஆண்டு அவர் புதியவர் அல்லர்.

1980 இல் யாழ்ப்பாணத்தில் கம்பவாரிதி இலங்கை ஜெயராஜும் நண்பர்களும் கம்பன் கழகம் தொடங்கியபோது அவர்களும் இளைஞர்களே. உங்களில் சிலர் அந்த விழாக்களில் இருந்திருப்பீர்கள். 1995 இடப்பெயர்வு ஆண்டில் கழகம் கொழும்பிலும் வேரூன்றியது. ஊர் மாறியும் முறை மாறவில்லை.

பின்னர் பட்டிமன்றம் பண்டிகை நாள் தொலைக்காட்சிக்கு வந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், சிரித்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் கணவனா மனைவியா என்ற தலைப்புக்கு எந்த நூலைச் சான்றாகக் காட்டுவது? பெரும்பாலும் கைதட்டலே தீர்ப்பாயிற்று. மேடையில் பேசியவர்கள் நல்ல அனுபவசாலிகள்தான். ஆகவே தரம் குறைந்ததற்குப் புதியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நடுவில் இருந்த நூலை எடுத்துவிட்டதுதான் காரணம்.

நான் கணக்காளன். முப்பது வருடம் வேலை செய்தவர் செலவு சொன்னாலும், நேற்றுச் சேர்ந்தவர் சொன்னாலும் எங்கள் தொழிலில் பற்றுச்சீட்டுக் கேட்போம். நம் கலந்துரையாடலுக்கும் அந்த ஒரு விதி போதும் என்று நினைக்கிறேன். யாரும் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம், நூலிலிருந்து ஓர் இடத்தையாவது காட்டவேண்டும். பழைய நேயர்களுக்கும் இதே விதிதான்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்வது? பழைய நேயர் ஒருவர் முதல் நாளே தொலைபேசியில் அந்தப் பாட்டை வாசித்துப் பொருள் சொல்லட்டும். தரம் குறைகிறதே என்று கவலைப்படும் பெரியவர்களிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைக்க விரும்புகிறேன். விருப்பமுள்ளவர்கள் நிலையத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த மாதம் வாலி வதையிலிருந்தே தொடங்குவோம்.