அமெரிக்காவில் வேலை, ஊரில் ஓய்வு: மெடிகேர் உங்களுடன் வருமா?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களின் சம்பளச் சீட்டில் 'மெடிகேர்' என்று ஒரு பிடித்தம் தவறாமல் இருக்கும். சம்பளத்தில் 1.45 சதவீதம். நிறுவனமும் தன் பங்குக்கு அதே அளவு கட்டும். பத்து, இருபது வருஷம் அங்கே உழைத்துவிட்டு, 'கடைசிக் காலத்துல கோயம்புத்தூர்ல செட்டிலாகிடலாம்' என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்: அத்தனை வருஷம் கட்டிய காசு, எங்கே இருந்தாலும் கை கொடுக்கும் என்று.

பென்ஷன் விஷயத்தில் இது ஏறக்குறைய சரிதான். தகுதி இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை இந்தியாவில் இருந்தபடியே வாங்கலாம். ஆனால் மெடிகேர் கடல் தாண்டாது.

மெடிகேர் என்ன தருகிறது?

1965-ல் சட்டமான இந்தத் திட்டம், முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கானது. பார்ட் ஏ, மருத்துவமனையில் அட்மிட் ஆகும் செலவுக்கு. பார்ட் பி, டாக்டர் ஃபீஸ், புறநோயாளி சிகிச்சை போன்றவற்றுக்கு. வருஷத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட் என்ற கணக்கில் 40 கிரெடிட் சேர்த்தவர்களுக்கு, அதாவது சுமார் 10 வருஷம் வரி கட்டியவர்களுக்கு, பார்ட் ஏ-வுக்கு மாத பிரீமியம் கிடையாது. பார்ட் பி-க்கு எல்லோரும் கட்டவேண்டும். 2025-ல் அடிப்படை பிரீமியம் மாதம் 185 டாலர்.

அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்கு இரண்டுமே பொதுவாகப் பணம் தராது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றைப் படித்தாலே இந்தியாவுக்கு உதவாது என்பது புரிந்துவிடும்: அலாஸ்காவுக்கும் மற்ற மாநிலத்துக்கும் இடையே கனடா வழியாகப் போகும்போது வரும் அவசரம், எல்லையோரத்தில் இருப்பவருக்கு அமெரிக்க மருத்துவமனையைவிட அடுத்த நாட்டு மருத்துவமனை பக்கத்தில் இருப்பது, இப்படி.

'மெடிகேப்' என்ற தனியார் துணை பாலிசிகளில் சில, வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 80 சதவீதம் தரும். ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் ஆரம்பித்த பிரச்சினையாக இருக்கவேண்டும், முதல் 250 டாலர் உங்கள் கையிலிருந்து, ஆயுள் முழுக்கச் சேர்த்து உச்சவரம்பு 50,000 டாலர். இரண்டு மாத லீவில் ஊருக்கு வருபவருக்கு இது சரி. ஊரிலேயே வாழ்பவருக்கு இல்லை.

அப்படியானால் பார்ட் பி எதற்கு?

பலர் குழம்பும் இடம் இதுதான். பார்ட் ஏ இலவசம் என்றால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பார்ட் பி-யை வேண்டாம் என்று விட்டால், பிறகு சேரும்போது, தவறவிட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும். அதுவும் பார்ட் பி இருக்கும் வரை, அதாவது பெரும்பாலும் ஆயுள் முழுக்க. 'நான் இந்தியாவில் இருந்தேன், உபயோகப்படுத்தவே முடியாதே' என்பது ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. நீங்களோ துணைவரோ வேலையில் இருந்து, அதன் மூலம் குழுக் காப்பீடு இருந்தால் மட்டும் கதை வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 65 வயதில் பார்ட் பி எடுக்காமல் ஊருக்கு வந்தவர், 8 வருஷம் கழித்து அமெரிக்கா திரும்புகிறார். அபராதம் 80 சதவீதம். 2025 கட்டணத்தையே வைத்துக்கொண்டால் மாதம் 185-க்குப் பதில் 333 டாலர். வருஷத்துக்கு 1,776 டாலர் கூடுதல். ஆனால் அந்த 8 வருஷமும் கட்டியிருந்தால் 17,760 டாலர் போயிருக்கும். மிச்சம் பிடித்த தொகையை அபராதம் தின்று தீர்க்கவே 10 வருஷம் ஆகும். காசு கணக்கு மட்டும் பார்த்தால், பயமுறுத்தும் அளவுக்கு மோசமில்லை.

நிஜமான ஆபத்து நேரத்தில் இருக்கிறது. தவறவிட்டவர்கள் பொதுவாக ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் பதிவு செய்யமுடியும். பதிவு செய்த அடுத்த மாதம்தான் காப்பீடு தொடங்கும். ஏப்ரலில் கேன்சர் என்று தெரிந்து, பிள்ளைகள் இருக்கும் டெக்சஸுக்கே போய்விடலாம் என்று விமானம் ஏறுபவர், அடுத்த பிப்ரவரி வரை பார்ட் பி இல்லாமல் இருக்கவேண்டும். அமெரிக்காவில் கீமோதெரபி பெரும்பாலும் பார்ட் பி-யில்தான் வரும். ஆகவே கேள்வி 'அபராதம் எவ்வளவு' என்பதல்ல, 'பெரிய வியாதி வந்தால் எங்கே சிகிச்சை எடுப்பேன்' என்பதுதான். சென்னையோ வேலூரோதான் என்று தெளிவாக இருந்தால் பார்ட் பி-யை விடலாம். மனசு இரண்டு பக்கமும் இருந்தால், மாத பிரீமியத்தைத் திரும்பிப் போவதற்கான டிக்கெட் செலவாக நினைத்துக் கட்டுவதே புத்திசாலித்தனம். மருந்துக்கான பார்ட் டி-யில் இந்தச் சிக்கல் இல்லை: வெளிநாட்டில் வாழ்ந்த காலம் அபராதத்தில் சேராது, திரும்பியதும் சேர 2 மாத அவகாசம் உண்டு.

எச்-1பி-யில் இருப்பவர்கள் கவனிக்க

மேலே சொன்னது எல்லாம் நடைமுறையில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர்களுக்குத்தான் பொருந்தும். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம், மெடிகேரைக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், இன்னும் ஓரிரு குறிப்பிட்ட பிரிவினர் என்று சுருக்கிவிட்டது. கிரீன் கார்டு வரிசையில் நின்றபடியே 10 வருஷத்துக்கு மேல் வரி கட்டி, 40 கிரெடிட் சேர்த்து ஊர் திரும்பும் இன்ஜினியருக்குப் பென்ஷன் உண்டு, மெடிகேர் இல்லை. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருபவருக்கும் அதே நிலைதான். கொடுக்காமல் இந்தியாவிலேயே வருஷக்கணக்கில் இருந்தால் கார்டே கேள்விக்குள்ளாகும்.

பத்து வருஷத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது. இரு நாடுகளிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை.

பிரிட்டனில் இருப்பவர்கள் நிலை? என்எச்எஸ், வரி கட்டிய வருஷத்தைப் பார்ப்பதில்லை, அங்கே வசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் ஸ்பெயினில் குடியேறினால் எஸ்1 படிவம் மூலம் அங்குள்ள மருத்துவம் கிடைக்கும், செலவு பிரிட்டனுடையது. இந்தியாவுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

இப்போதே என்ன செய்யலாம்?

எந்தப் பக்கம் பார்த்தாலும், ஊரில் ஓய்வு என்றால் ஊர் பாலிசி வேண்டும். 65 வயதுக்கு மேல் புதுசாக பாலிசி எடுக்க இருந்த வயது வரம்பை ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டது. ஆனாலும் சர்க்கரை, பிரஷர் எல்லாம் வந்த பிறகு கேட்டால் பிரீமியம் கூடும், நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம். தொடர்ந்து 5 வருஷம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபிக்காமல், 'நோயை மறைத்தீர்கள்' என்று சொல்லி நிறுவனம் கிளைமை நிராகரிக்கமுடியாது.

இந்த 3 வருஷமும் 5 வருஷமும் நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே ஓடி முடியலாம் என்பதுதான் விஷயம். பல நிறுவனங்கள் என்ஆர்ஐ-களுக்கும் பாலிசி தருகின்றன. திரும்புவதற்குக் குறைந்தது நாலைந்து வருஷம் முன்பே, உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்து, ஒரு வருஷம்கூட விடாமல் புதுப்பித்தால், வந்து இறங்கும் நாளில் காத்திருப்பு முடிந்திருக்கும். வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம்தான். அதைத் தாண்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் அபாயம் உண்டு. இந்திய வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எச்எஸ்ஏ கணக்கு. அமெரிக்க முதலாளி தந்த இந்த மருத்துவச் சேமிப்பு உங்களுடைய சொத்து, வேலை போனாலும் போகாது. இந்தியாவில் ஆகும் தகுதியான மருத்துவச் செலவுக்கும் இதிலிருந்து அமெரிக்க வரி இல்லாமல் எடுக்கலாம், அப்போலோ பில்லாக இருந்தாலும் சரி. கணக்கு தொடங்கிய பிறகு கைக்காசில் செய்த செலவை, பல வருஷம் கழித்துக்கூட எடுத்துக்கொள்ளலாம். அதனால் ரசீதுகளை ஸ்கேன் செய்து வையுங்கள். தெர்மல் பேப்பர் நாளடைவில் வெளுத்துவிடும்.