மன்னாரின் பாலுக்குத் தடை மாடா, நிலமா?

உலகில் கறக்கப்படும் பாலில் ஏறத்தாழ 7 வீதம்தான் எல்லை தாண்டி விற்பனைக்குப் போகிறது. எஞ்சியது கறந்த நாட்டிலேயே செலவாகிவிடுகிறது. அடுத்த பத்தாண்டில் உலகப் பால் உற்பத்தி தொடர்ந்து வளரும் என்றும், அவ்வளர்ச்சியில் பாதிக்கு மேல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நிகழும் என்றும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு பங்கேற்கும் ஆண்டுக் கணிப்புகள் கூறிவருகின்றன. அந்தப் பாலும் பெரும்பாலும் அங்கேயே பாலாகவும் தயிராகவும் நெய்யாகவும் தீர்ந்துவிடும். ஆகவே உலகில் பால் பெருகுகிறது என்ற செய்தி, வாங்கிக் குடிக்கும் நாட்டுக்கு ஆறுதல் தராது. விற்பனைக்கு வரும் பால்மா நியூசிலாந்து, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா எனச் சில கைகளிலேயே இருக்கிறது. தன் தேவையில் பாதியைக்கூட உள்ளூர்ப் பாலால் நிறைவு செய்யாத இலங்கை இதை 2021இல் நேரில் கண்டது. டொலர் வற்றியதும் கடைகளில் பால்மா மறைந்தது. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்க, ஒரு கிலோ 250 ரூபாய் கூடி 1,195 ரூபாயாயிற்று. பின்னும் ஏறியது.

இந்நிலையில் உள்ளூர்ப் பாலைப் பெருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எப்படி என்பதில்தான் கொழும்பின் விடை பல ஆண்டுகளாக ஒன்றாகவே இருக்கிறது: நல்ல இன மாடு. மன்னார்ப் பெருநிலத்தில் மேயும் பட்டி மாடு நாளொன்றுக்கு ஓரிரு லீற்றர் மட்டுமே தருவதால் இந்த விடை இயல்பானதாகத் தோன்றும். எனினும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவைகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கு நேர்ந்ததை மறந்துவிட முடியாது. 2017இல் 5,000 மாடுகள் வந்திறங்கின. பல நோயுற்று இறந்தன. வாங்கிய பண்ணையாளர் கடனில் விழுந்தனர். மற்றைய 15,000 வந்து சேரவேயில்லை. வந்த மாடு கெட்ட மாடு என்று அதனை விளக்கிவிடுவது எளிது. அது தின்னப் புல்லும் நிற்க நிழலும் குடிக்க நீரும் எங்கே என்ற கணக்கு முதலில் போடப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மன்னாரில் பாலைக் கட்டுப்படுத்துவது மாட்டின் இனமன்று, மேய்ச்சல் தரையின் உரிமை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மன்னாரின் ஆண்டுச் சுழற்சியே இதற்குச் சான்று. மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. புல் முளைக்கும் அதே மாதங்களில் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்கள் காலபோகத்துக்கு அடைபடுகின்றன. பட்டிகள் காட்டோரங்களுக்கும் மேட்டு நிலங்களுக்கும் சாய்க்கப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் வயலுக்குள் இறங்கி அரிதாள் மேய்கின்றன. குளம் வற்ற வற்ற அதன் அடித்தரைப் புல்லையும் தேடிப் போகின்றன. ஆவணி, புரட்டாதியில் எலும்பெண்ணலாம். இதன் விளைவு விசித்திரமானது. புல்லும் பாலும் மிகும் மாதங்களில் பட்டி வண்டிப்பாதையிலிருந்து மிகத் தொலைவில் நிற்கிறது. பால் சேகரிக்கும் வாகனம் அங்கே போகாது. பட்டி ஊரருகே வரும் காலத்தில் மடி வற்றிவிடுகிறது. இரண்டு மாதப் பட்டினி கிடந்த பசு அடுத்த ஆண்டு சினைப்படுவதும் உறுதியில்லை. இந்த மாட்டுக்கு உயர்ந்த இனத்துச் சினையூசி போட்டால் பிறக்கும் கன்று தாயைவிட அதிகம் தின்னக் கேட்கும், அவ்வளவுதான்.

பட்டி போகும் அந்தக் காட்டோரங்களும் சுருங்கிவருகின்றன. மன்னாரின் வங்காலை 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலமாயிற்று. 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் ஏறியது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் தனித்தனியே நியாயமுண்டு. ஆனால் தலைமுறைகளாக மாடு மேய்த்த வழக்கம் எந்த உறுதியிலும் எழுதப்படாததால், கோடு கிழிக்கப்படும்போது மேய்ப்பவரின் பக்கம் காட்ட ஒரு தாள்கூட இருப்பதில்லை. உரிமையில்லாத இடத்தில் எவரும் கொட்டில் போடமாட்டார், தீவனப்புல் நடமாட்டார், கிணறு வெட்டமாட்டார். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. அதைக் காலநிலையின் கொடுமை என்றே பலரும் எழுதினர். மெலிந்த உடலோடு கூரையின்றி நனைந்து நின்றதும் அச்சாவுகளுக்குக் காரணம்.

வறட்சிதான் காரணம், உரிமையல்ல என்று வாதிடலாம். அதற்குக் குஜராத்தின் கச் மாவட்டத்திலுள்ள பன்னி புல்வெளி விடை சொல்கிறது. மன்னாரைவிட மழை குறைந்த உவர்நிலம் அது. அங்கே மால்தாரிகள் எனப்படும் மேய்ப்போர் இரவில் எருமை மேய்க்கிறார்கள். அவர்களது பன்னி எருமை 2010இல் தனி இனமாகப் பதிவாயிற்று. 2009இல் தொடங்கிய கச் மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியம் குளிரூட்டிகளோடு ஊருக்குள் வந்தபின், விற்க வழியின்றி இருந்த பாலுக்கு நாள்தோறும் விலை கிடைத்தது. ஆனால் பன்னி 1955இலேயே பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட நிலம். அதனால் மேய்ப்போர் வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமூக உரிமை கோரி நெடுநாள் போராட வேண்டியிருந்தது. உவர்நிலத்திலும் பால்தொழில் நிற்கும். நிலம் யாருடையது என்ற கேள்வி தீராதவரை ஆடிக்கொண்டுதான் நிற்கும்.

வலுவான மறுப்புகள் வேறு இரண்டு உண்டு. மலிவாகப் பால் செய்யத் தெரிந்த நியூசிலாந்திடம் வாங்குவதே சிக்கனம் என்பது ஒன்று. டொலர் கையிலிருக்கும் ஆண்டுகளில் அது சரியே. இல்லாத ஆண்டில் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டிவிட்டது. குறைவாகக் கறக்கும் மாடு ஒவ்வொரு லீற்றருக்கும் அதிக மீதேன் விடுகிறது என்பது மற்றது. இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைக் குறைக்கும் வழியும் பட்டினியைப் போக்குவதே: ஆண்டுக்கொரு கன்று ஈனும் பசு, மூன்றாண்டுக்கு ஒன்று ஈனும் பசுவைவிட லீற்றருக்குக் குறைவாகவே மாசு செய்யும். இயந்திர அறுவடைக்குப்பின் வயலில் எரிக்கப்படும் வைக்கோலை யூரியாவில் பதப்படுத்தித் தீவனமாக்கும் முறை 1980களிலேயே இலங்கையில் ஆராயப்பட்டது. அதைச் சேர்த்துவைக்கப் பட்டிக்கு ஒரு நிலையான இடம் வேண்டும், அவ்வளவே.

இனி வரப்போவது நீர். தந்திரிமலையில் அணை கட்டும் கீழ் மல்வத்து ஓயாத் திட்டம் நிறைவேறினால், அருவியாறு என இங்கே வழங்கும் அந்த ஆற்றின் நீரை நம்பியிருக்கும் மன்னார் வயல்களில் சிறுபோகம் விரியும். உழவருக்கு அது வரம். பட்டிக்காரருக்கோ காலபோக அறுவடைக்குப்பின் திறந்துகிடந்த அரிதாள் நிலமும் அடைபட்டுவிடும். ஊரருகே எஞ்சியிருந்த அந்த மேய்ச்சல் பருவமும் போய்விடும். எந்த மாதத்தில் எந்த நிலம் எந்தப் பட்டிக்கு என்ற பதிவு, வாய்க்காலில் நீர் இறங்குமுன் பிரதேச செயலகங்களின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். வயலாகிவிட்ட நிலத்தை மேய்ச்சலுக்கு மீட்ட வழக்கம் இப்பகுதியில் அரிது.