கோட்டிங்கன் கணிதத் துறை: 1933-ஆம் வருஷத்துச் செய்திகள்

மலர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டுவது துறைச் செய்திகள் பக்கத்தைத்தான். எந்த சார் ரிட்டையர் ஆனார், எந்த மேடம் டாக்டர் பட்டம் வாங்கினார், யார் வெளிநாடு போனார், எந்த மாணவர் ரேங்க் வாங்கினார் என்று பார்ப்போம். தெரிந்த பெயர் கண்ணில் பட்டால் ஒரு சந்தோஷம். காலமானவர் பட்டியலில் பட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. அப்புறம் மலர் அலமாரிக்குப் போய்விடும்.

இந்த மலருக்குக் கணிதத் துறை சார்பில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, வேறொரு கல்விக்கூடத்தின் ஒரே ஒரு வருஷத்துத் துறைச் செய்திகளை எழுதலாமே என்று தோன்றியது. ஊர், ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன். வருஷம் 1933. வழக்கமான தலைப்புகள்தான்: ஆசிரியர் செய்தி, மாணவர் செய்தி. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை. கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1737-இல் தொடங்கியது. காஸ் அங்கே 1807 முதல் 1855-இல் காலமாகும் வரை இருந்தார். அவருக்குப் பின் டிரிஷ்லே, ரீமான். அதன் பிறகு பெலிக்ஸ் கிளைனும் டேவிட் ஹில்பர்ட்டும். நாம் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. வகுப்புகளில் தேற்றத்துக்குத் தேற்றம் உருப்போட்ட பெயர்களில் பாதி அந்தச் சின்ன ஊரின் தெருக்களில் நடந்த மனிதர்களுடையவை. அமெரிக்காவிலிருந்து கூட நல்ல மாணவர்கள் கணிதம் படிக்க அங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1929 கடைசியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பண உதவியோடு கணித நிலையத்துக்குப் புதுக் கட்டடமும் திறந்தார்கள். ஹில்பர்ட் 1930-இல் ஓய்வு பெற்றார். 1933 பிறந்தபோது நிலையத்தில் நான்கு பேராசிரியர்கள்: இயக்குநர் ரிச்சர்ட் கூரண்ட், ஹில்பர்ட்டின் இடத்துக்கு வந்த ஹெர்மன் வைல், எட்மண்ட் லாண்டவ், குஸ்டாவ் ஹெர்க்லாட்ஸ். இவர்களோடு எம்மி நோதர் அம்மையார்.

நோதர் அம்மையார் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1915-இல் ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்து வந்தார்கள். பெண் என்பதால் நாலு வருஷம் அவர் பெயரில் வகுப்பு எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. அறிவிப்பில் ஹில்பர்ட் பெயர் இருக்கும், பாடம் நடத்துவது நோதர். 1919-இல்தான் சொந்தப் பெயரில் பாடம் சொல்ல முடிந்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசி வரை கிடைக்கவே இல்லை, சிறு ஊதியம்தான். இன்று நவீன இயற்கணிதம் என்று நாம் படிக்கிற வளையங்கள், சீர்மங்கள் எல்லாம் இன்றைய உருவத்துக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. இயற்பியல்காரர்களுக்கு அவருடைய 1918-ஆம் வருஷத்துத் தேற்றம் நன்றாகவே தெரியும்.

சரி, செய்திகளுக்கு வருவோம்.

ஜனவரி 30: ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமர் பொறுப்பேற்றார். இது துறைச் செய்தியா என்று கேட்கலாம். அங்கே பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அரசியல் அரசியல்வாதிகளுக்கு, நமக்கு நம்ம சமன்பாடு.

ஏப்ரல் 7: அரசுப் பணியாளர் சட்டம் ஒன்று வந்தது. யூத வம்சத்தவர்கள் அரசு வேலையில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் அரசுப் பணியாளர்களே. 1914 ஆகஸ்டுக்கு முன்பே பதவியில் இருந்தவர்களுக்கும், முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்களுக்கும் விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தது.

ஏப்ரல் கடைசி வாரம்: கூரண்டும் நோதரும் உடனடியாகக் கட்டாய விடுப்பில் வைக்கப்பட்டார்கள். இயற்பியலில் மாக்ஸ் பார்னுக்கும் அதே கதி. கூரண்ட் முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் சண்டை போட்டுக் காயம்பட்டவர். சட்டப்படி அவருக்கு விலக்கு உண்டு. இருந்தும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிராங்க் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் விலக்கு இருந்தது. அந்தச் சலுகை எனக்கு வேண்டாம் என்று அவர் சில நாள் முன்னாலேயே தானாக ராஜினாமா செய்துவிட்டார்.

இதைத் தொடர்ந்து விண்ணப்பங்கள் போயின. கூரண்டுக்காக 28 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஹில்பர்ட், மாக்ஸ் பிளாங்க், ஹைசன்பர்க் என்று பெரிய பெரிய பெயர்கள். நோதருக்காக 14 கணித அறிஞர்கள் சான்றுக் கடிதம் எழுதினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. கூரண்டுக்குப் பதில் நிலையத்தின் பொறுப்பை ஆட்டோ நொய்கெபவரிடம் கொடுத்தார்கள். பாபிலோனியக் கணிதத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன அதே நொய்கெபவர். புது அரசுக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொன்னதும் அவர் மறுத்தார். ஒரே நாளில் அவர் பொறுப்பு முடிந்தது. அப்புறம் வைல் ஏற்றுக்கொண்டார்.

கோடைப் பருவம், மாணவர் செய்தி: அமெரிக்க மாணவர் சாண்டர்ஸ் மக்லேன் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்கு ஆசானாயிருந்த பால் பெர்னைஸ் நீக்கப்பட்டதால் வைல்தான் தேர்வை முடித்துக் கொடுத்தார். கூரண்டின் மாணவர் பிரிட்ஸ் ஜானும் அந்த வருஷமே பட்டம் வாங்கினார். இருவரும் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர்கள்.

நோதர் அம்மையார் வகுப்பறைக்குள் நுழைய முடியாது. ஆகவே மாணவர்களை வீட்டுக்கே வரச் சொல்லிப் பாடம் நடத்தினார். ஒரு மாணவர் நாஜிப் படையின் பழுப்புச் சீருடையோடு வந்து உட்கார்ந்தாராம். அம்மையார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, பாடத்தை நடத்திக்கொண்டே போனார் என்று அவருடன் இருந்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அந்த இலையுதிர் காலத்தில் அவர் அமெரிக்காவில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரிக்குப் போனார். 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். வயது 53.

வைலின் மனைவி யூத வம்சத்தில் வந்தவர். வைலும் அதே இலையுதிர் காலத்தில் பிரின்ஸ்டனில் புதிதாகத் தொடங்கியிருந்த உயராய்வு நிலையத்துக்குப் போய்விட்டார். கூரண்ட் முதலில் கேம்பிரிட்ஜ், 1934-இல் நியூயார்க் பல்கலைக்கழகம். இன்று அங்கே கூரண்ட் நிலையம் என்று ஒரு பெரிய கணித ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறதே, அதன் விதை கோட்டிங்கனில் பிடுங்கியெறிந்த செடியிலிருந்து விழுந்ததுதான்.

இனி நவம்பர் மாதச் செய்தி. இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

லாண்டவ் 1909-இலிருந்து அங்கே பேராசிரியர். யூதர்தான், ஆனால் 1914-க்கு முன்பே பதவியில் இருந்தவர் என்பதால் சட்டம் அவரைத் தொடவில்லை. கோடைப் பருவத்தில் அவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லி, உதவியாளரை வைத்துப் பாடத்தை ஓட்டினார்கள். நவம்பர் 2, குளிர்காலப் பருவத்தின் வகையீடு, தொகையீடு வகுப்புக்கு அவரே வந்தார். வெளியே கூடத்தில் ஏறத்தாழ 100 மாணவர்கள் நின்றார்கள். அவருக்கு வழி விட்டார்கள். உள்ளே போனால் பெஞ்சுகள் காலி, ஒரே ஒருவர்தான் இருந்தார். படிக்க விரும்பிய மாணவர்களை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்.

லாண்டவ் தம் அறைக்குத் திரும்பினார். புறக்கணிப்பை நடத்திய மாணவர் தலைவன் அங்கே வந்தான். உன் காரணங்களை எழுதிக் கொடு என்றார் லாண்டவ். அவனும் மறுநாள் தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினான். அதன் சாரம் இதுதான்: உங்கள் கணிதப் புலமையை நான் குறை சொல்லவில்லை, மேல் வகுப்புகளை நீங்கள் நடத்தலாம், ஆனால் முதல் வருஷ ஜெர்மானியப் பிள்ளைகளின் மனசை வேறு இனத்து ஆசிரியர் பக்குவப்படுத்தக் கூடாது.

அந்த மாணவன் யார் தெரியுமா? ஆஸ்வால்ட் டைஹ்முல்லர், வயது 20. எம்.எஸ்ஸி.யில் சிக்கலெண் சார்புகள் படித்து மேலே போனவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். டைஹ்முல்லர் வெளி என்று இன்றும் உலகமெங்கும் ஆராய்கிறார்களே, அதே டைஹ்முல்லர். அந்தத் தலைமுறையின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று. பின்னாளில் ராணுவத்தில் சேர்ந்து, 1943-இல் கிழக்குப் போர்முனையில் காணாமல் போனான். மக்குப் பையன் ஒருவன் இதைச் செய்தான் என்றால் மனசு ஆறிவிடும். செய்தது வகுப்பிலேயே முதல் தரமான பையன். கணக்கு நன்றாக வந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்ம வீடுகளிலும் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதற்கு இது ஒரு பதில்.

லாண்டவ் ஓய்வு கேட்டு எழுதினார். 1934 தொடக்கத்தில் பதவியிலிருந்து நீங்கினார். அதே வருஷம் பெர்லின் பேராசிரியர் பீபர்பாக் ஒரு சொற்பொழிவில் மாணவர்கள் செய்தது சரியே என்று வாதாடினார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். வட்டத்தை விட்டுவிட்டு, கொசைன் சார்பு பூஜ்யமாகும் முதல் மிகை எண்ணை எடுத்து, அதன் இருமடங்குதான் 'பை' என்று லாண்டவ் தம் பாடநூலில் வரையறுத்திருந்தார். இது ஜெர்மானிய மனசுக்கு ஒவ்வாததாம்! இதே வரையறையை நாம் மெய்ப் பகுப்பாய்வு வகுப்பில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். நம்ம மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பீபர்பாக்குக்கு மறுப்பு 1934-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எழுதியவர் கேம்பிரிட்ஜ் ஹார்டி, நம்ம ராமானுஜனின் ஹார்டி. அவர் லாண்டவின் நெருங்கிய நண்பர், 1935-இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்துச் சொற்பொழிவாற்ற வைத்தவர்களில் ஒருவர். லாண்டவுக்கும் கும்பகோணத்துக்கும் கூட ஓர் உறவு உண்டு. 5, 13 போன்ற எண்களை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், 7-ஐ எழுத முடியாது. அப்படி எழுதக்கூடிய எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதை லாண்டவ் 1908-இல் நிறுவினார். ராமானுஜன் அந்தப் புத்தகம் எதையும் பார்க்காமலே, 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். 0.764 என்று தொடங்கும் அந்த எண்ணுக்கு இன்று லாண்டவ்-ராமானுஜன் மாறிலி என்று பெயர். யூதப் பேராசிரியரும் சென்னைத் துறைமுகக் கிளார்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கணிதத்துக்கு இனம் பார்க்கத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

லாண்டவ் 1938-இல் பெர்லினில் காலமானார். துரத்தப்பட்டவர்களில் சிலர் நம் நாட்டுக்கும் வந்தார்கள். மாக்ஸ் பார்ன், சர் சி.வி. ராமன் அழைப்பில் 1935-36-இல் பெங்களூரில் சில மாதம் இருந்தார். லைப்சிக்கில் பதவி இழந்த கணிதப் பேராசிரியர் லெவி 1935-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நவீன இயற்கணிதத்தை இங்கே ஊன்றியவர்களில் ஒருவரானார்.

வருஷக் கணக்கை முடிப்போம். நான்கு பேராசிரியர்களில் 1934 தொடக்கத்தில் மிஞ்சியவர் ஹெர்க்லாட்ஸ் ஒருவரே. ஓய்வு பெற்று ஊரிலேயே இருந்த ஹில்பர்ட்டிடம், யூதர்கள் போனபின் உங்கள் கணிதம் எப்படி இருக்கிறது என்று ஒரு விருந்தில் கல்வி அமைச்சர் கேட்டாராம். கோட்டிங்கனில் இப்போது கணிதமே இல்லையே என்றாராம் பெரியவர். 1943-இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்துக்கு வந்தவர்கள் சுமார் ஒரு டஜன் பேர்.

புதுக் கட்டடம் அப்படியே நின்றது. நூலகத்துப் புத்தகங்களும் அலமாரியில்தான் இருந்தன. கிளைனும் ஹில்பர்ட்டும் ஐம்பது வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த துறை, பன்னிரண்டு மாதத்தில் போயிற்று. சட்டம் போட்டது அரசு, சரி. சட்டத்தால் தொட முடியாத ஒருவரையும் விரட்டியது யார்? வகுப்பு வாசலில் நின்ற மாணவர்கள். அந்த நூறு பேரில் எத்தனை பேர் மனசார நின்றார்கள், எத்தனை பேர் பக்கத்தில் நிற்பவனுக்குப் பயந்து நின்றார்கள்? அதைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்த அந்த ஒருவரையும் யோசிக்கிறேன்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளே, நம்ம துறையிலும் எல்லா ஊரிலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். வாசலில் நின்று ஒருவரை எடை போட ஆசைப்படும் கூட்டம் எந்தக் காலத்திலும் சேரும். அன்றைக்கு நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள். மணி அடிக்கட்டும், பாடம் நடக்கட்டும். அடுத்த மலரின் துறைச் செய்திகளில் வழக்கமான சமாசாரங்கள் மட்டுமே இருக்கட்டும்.