வெண்மணி: "அப்ப நெருப்பு தானா பத்திக்கிச்சா?"

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம். நடவு முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போய், உலை வைத்துவிட்டு வந்து சேர ஏழு மணி ஆகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ வெண்மணிக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது என்று சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், கேட்டார்: "அப்ப நெருப்பு தானா பத்திக்கிச்சா தம்பி?"

"தீர்ப்பு அப்படிச் சொல்லலம்மா. இவங்கதான் வச்சாங்கன்னு நிரூபணம் ஆகலன்னுதான் சொல்லுது" என்றேன். சட்டப்படி அது சரியான பதில். ஆனால் அந்த அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

அரைப்படி நெல்

கீழவெண்மணி இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 1968-இல் அது தஞ்சாவூர் மாவட்டம். காவிரியின் கடைமடைப் பகுதி. நிலம் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. அந்த நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களம் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி மக்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும். இது எங்கள் தாத்தா பாட்டி காலத்துக் கதை, ரொம்பத் தூரத்துக் கதை இல்லை.

1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சேரிகளுக்குள் வந்து சங்கம் கட்டினார்கள். 1948-இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு பண்ணையாளுக்கு என்றதும், மிராசுதார்கள் பலர் பண்ணையாள் வைப்பதையே நிறுத்திக்கொண்டு தினக்கூலிக்கு மாறினார்கள். சட்டம் ஒரு வாசலைத் திறந்தால் இன்னொரு வாசலை அடைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1960-இல் மத்திய அரசின் தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. புது விதை, உரம், கூடுதல் மகசூல். களத்தில் நெல் அதிகம் விழுந்தது. அறுத்தவர்கள் தங்கள் பங்கிலும் அது தெரிய வேண்டும் என்றார்கள். கேட்டது கலத்துக்கு அரைப்படி கூடுதல். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்து எதிர்த்தார்கள். நாகைப் பகுதியில் அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பது, செங்கொடியை இறக்கு என்று மிரட்டுவது என்று பதற்றம் வளர்ந்தது.

1968 டிசம்பர் 25. அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். இரவில் கும்பல் சேரிக்குள் வந்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள்.

அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-இல் கீழத்தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி கேட்டது நியாயம்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. கேட்டவர்களைக் கொளுத்தியது யார் என்பதுதான் பாக்கி.

இரண்டு தீர்ப்பு

மிராசுதார்கள் 23 பேர் மீது வழக்கு. 1970-இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேருக்குப் பத்தாண்டு கடுங்காவல் விதித்தது. பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கொலைக் குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்ச தண்டனையே ஆயுள். பத்தாண்டு என்றால், 44 பேர் செத்ததைக் கொலை என்று அந்த முதல் தீர்ப்பே ஏற்கவில்லை என்று பொருள்.

1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பத்தாண்டையும் ரத்து செய்தது. சாட்சிகளின் வாக்குமூலத்தில் முரண்பாடுகள் இருந்தன என்று ஒரு குற்ற மேல்முறையீட்டில் சொல்வது வழக்கம்தான். ஆனால் இந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் வேறு. குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறது என்றது நீதிமன்றம். பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர். பழிவாங்க எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் இல்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். பின்னால் இருந்துகொண்டு ஆட்களைத்தான் அனுப்பியிருப்பார்கள் என்பதே அதன் சாரம். மைதிலி சிவராமன் அதே ஆண்டு இந்தத் தீர்ப்பை ஆங்கிலத்தில் அலசி எழுதினார். தீர்ப்பின் இந்தப் பகுதி பரவலாகத் தெரியவந்ததில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே நாள் மாலை நடந்த கொலைக்காகத் தொழிலாளர்கள் மீதும் வழக்கு நடந்தது. அதில் தண்டனை விழுந்தது.

சந்தேகம் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். மேடைகளில் சிலர் "சந்தேகத்தின் பலன் என்பதே பணக்காரனுக்காக உண்டாக்கியது" என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால்தான் தண்டனை என்ற விதி இல்லாவிட்டால், முதலில் உள்ளே போகிறவர்கள் நம் பையன்கள்தான். ஊரில் ஒரு ஆடு காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று நமக்குத் தெரியும்.

வெண்மணித் தீர்ப்பில் கோளாறு அந்த விதியில் இல்லை. சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. ஒரு சாட்சி இருட்டில் முகத்தைப் பார்த்திருக்க முடியுமா என்பது ஆதாரத்திலிருந்து வரும் சந்தேகம். கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா என்பது சமூகத்திலிருந்து வரும் சந்தேகம். அதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை, நீதிபதிகளுக்கு அது இயல்பாகத் தோன்றியது. சேரிக்காரரைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி தோன்றியிருக்கும். நம் ஊர்களில் அடிக்க நேரில் வருவது கௌரவக் குறைச்சல் இல்லை, அதுதான் கௌரவம். யார் அடித்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே நேரில் வருவார்கள். சமூகவியல் வகுப்பில் ஆதிக்கம் என்று நாங்கள் படித்ததை அந்த அம்மா வாழ்ந்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று. பின்னால் இருந்து ஏவியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஏவியவனும் குற்றவாளிதான், அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் தூண்டுதல் குற்றம்தான். ஆனால் சாட்சிகள் ஏவினார்கள் என்று சொல்லவில்லை, வந்தார்கள் என்றார்கள். வந்ததை நம்ப மறுத்ததும் வழக்கு முடிந்தது. வந்தால் நம்ப மாட்டோம், அனுப்பினால் சாட்சி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே 44 உயிர்.

வெண்மணி தனி நிகழ்வு என்று யாராவது சொன்னால் பட்டியல் நீளம். ஆந்திராவின் சுண்டூரில் 1991-இல் தலித்துகள் 8 பேர் கொல்லப்பட்டார்கள். 2007-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது, 2014-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பீகாரின் பதானி தோலாவில் 1996-இல் 21 பேர். 2010-இல் தண்டனை, 2012-இல் விடுதலை. லக்ஷ்மண்பூர் பாதேயில் 1997-இல் 58 பேர். 2010-இல் தண்டனை, 2013-இல் விடுதலை. கீழே தண்டனை, மேலே விடுதலை. ஒவ்வொரு வழக்கிலும் காரணம் வேறு வேறாகச் சொல்லப்பட்டது. வீட்டில் பிணம் விழுந்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

சாம்பலிலிருந்து வந்த சட்டம்

1968-இல் நமக்கென்று இருந்தது 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் மட்டும். டீக்கடைத் தம்ளருக்கும் கோயில் நுழைவுக்கும் ஏதோ சொல்லும். கொளுத்தியதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெண்மணி, பெல்ச்சி போன்ற படுகொலைகளுக்குப் பிறகுதான் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

அதை வெண்மணியை மனதில் வைத்துப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர் குடியிருக்கும் வீட்டைத் தீ வைத்து அழித்தால் ஆயுள் தண்டனை என்கிறது 3(2)(iv). நிலத்தகராறு அல்லது வேறு தகராறின் தொடர்ச்சியாக ஒரு கூட்டம் குற்றம் செய்தது என்று நிரூபித்தால், அது பொது நோக்கத்தோடு செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8(பி). அரைப்படி நெல்லில் தொடங்கிய தகராறுக்கு என்றே எழுதியது போல இருக்கும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை இந்த அனுமானம் நிரூபிக்காது. அதை இன்றும் சாட்சிதான் நிரூபிக்க வேண்டும்.

அன்று உறவைப் பறிகொடுத்தவர் வழக்கில் வெறும் சாட்சி. விடுதலையை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போவது அரசின் விருப்பம். 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 413-ஆம் பிரிவு. 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவின்படி, ஜாமீன் விசாரணை உட்பட எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சியும் நிற்கவில்லை. 2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம், வழக்குப் பதிவதற்கு முன்பே முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. ஏப்ரல் 2-இல் நாடே தெருவில் இறங்கியது. ஆகஸ்டில் 18ஏ பிரிவு வந்தது: முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது; முகாந்திரமே இல்லாத வழக்கில் மட்டும் முன்ஜாமீன் தரலாம் என்றது.

2024 ஜூலை 1-இல் வந்த பி.என்.எஸ்.எஸ். அதே கதவை வேறு பக்கத்திலிருந்து தட்டுகிறது. அதன் 173(3), மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது. சாதி சொல்லித் திட்டுவது, நிலத்தைப் பிடுங்குவது போன்ற 3(1) குற்றங்களுக்கு அதிகபட்ச தண்டனை ஐந்தாண்டு. "பதினாலு நாள் விசாரிச்சிட்டுதான்" என்று யாராவது இதைக் காட்டினால் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். சிறப்புச் சட்டம் இருக்கும் இடத்தில் அதுதான் செல்லும், அதைப் பி.என்.எஸ்.எஸ்.ஸின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. 18ஏ என்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள்.

முதல் நாள் வேலை

வெண்மணியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: மேல்கோர்ட்டில் தோற்கிற வழக்கு பெரும்பாலும் முதல் நாளே தோற்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் கூட்டம் தவறாமல் சொல்கிறேன். புகாரில் யார் வந்தார்கள், யார் என்ன செய்தார்கள், எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று பெயரோடு எழுதுங்கள். பார்க்காதவர் பெயரைக் கோபத்தில் சேர்க்காதீர்கள், அந்த ஒரு பெயர் மற்ற எல்லாப் பெயரையும் விடுவித்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீது 4-ஆம் பிரிவு இருக்கிறது.

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அந்த அம்மா மறுபடி வந்தார். "நீ சொன்ன நம்பரையெல்லாம் பேத்திகிட்ட எழுதிக் குடு தம்பி, எனக்கு மறந்துரும்" என்றார். பேத்தி பத்தாம் வகுப்பு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினாள். 3(2)(iv), 8(பி), 15ஏ, 18ஏ, 413 என்று எழுதினேன். அம்மா அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

தீ தானாகப் பற்றாது அம்மா. அதை நீதிமன்றம் நம்பும்படி சொல்லும் வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.