அரைமணி நேரப் பயிற்சிக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

துபாயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி, விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பணம் கட்டியிருக்கிறாள். தனியாக இல்லை. பயிற்றுநர் ஒருவரோடு சேர்த்துப் பட்டை போட்டு மாட்டிக்கொண்டு குதிக்கும் ‘டேண்டம் ஸ்கைடைவிங்’. “குதிக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம்தான் சொல்லித் தருவாங்களாம் டீச்சர். அது போதுமா? அம்மா வேற அழறாங்க” என்று எழுதியிருந்தாள்.

நியாயமான கேள்விதான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளவே நமக்கெல்லாம் ஒரு வாரம் ஆனது, முட்டியும் தேய்ந்தது. 13,000 அடி உயரத்திலிருந்து குதிக்க அரைமணி நேரம் எப்படிப் போதும்? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த அரைமணியில் சொல்லித் தருகிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் விழுந்து பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். சிலர் எழுந்திருக்கவே இல்லை.

1783 டிசம்பரில் பிரான்சின் மோன்பெலியே நகரில், லூயி செபாஸ்தியன் லெனோர்மான் என்பவர் ஒரு கோபுரத்திலிருந்து பாராசூட்டோடு குதித்துக் காட்டினார். ‘பாராசூட்’ என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். ‘விழுவதைத் தடுப்பது’ என்று பொருள். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மக்கள் தப்பிக்க உதவும் என்பதே அவர் எண்ணம்.

உண்மையான உயரத்திலிருந்து முதலில் குதித்தவர் ஆந்த்ரே ழாக் கார்னரன். 1797 அக்டோபர் 22, பாரிஸ் நகரம். பலூனில் சுமார் 3,000 அடி ஏறி, பலூன் கயிற்றை அறுத்துவிட்டுப் பட்டுத் துணிப் பாராசூட்டில் இறங்கினார். உயிர் பிழைத்தார். ஆனால் வழியெல்லாம் ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் பயங்கரமாக ஆடியது. காரணம் எளிது. குடைக்குள் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல், ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமுமாகப் பிதுங்கியது. பிறகு குடையின் உச்சியில் ஓர் ஓட்டை வைத்தார்கள், ஆட்டம் குறைந்தது. ஓட்டை போட்டால் பாதுகாப்பு கூடும் என்பதை வகுப்பில் சொன்னால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்! 1799இல் கார்னரனின் மாணவியான ழான் லாப்ரோஸ் குதித்தார். பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் அவர். பிறகு கார்னரனையே மணந்துகொண்டார்.

கார்னரன் 1802இல் லண்டனில் குதித்ததைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் ராபர்ட் காக்கிங் என்ற ஓவியரும் ஒருவர். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும், குடையைத் தலைகீழாகச் செய்தால் ஆடாது என்று அவருக்குத் தோன்றியது. முப்பத்தைந்து வருடம் அதை மனதிலேயே வைத்திருந்து, 1837 ஜூலை 24 அன்று, 61ஆவது வயதில், தலைகீழ்க் கூம்பு வடிவப் பாராசூட்டோடு லண்டன் வாக்ஸ்ஹால் தோட்டத்திலிருந்து பலூனில் ஏறினார். அந்தப் பாராசூட்டே நூறு கிலோவுக்கு மேல் எடை. பாராசூட்டின் எடையைக் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை, தையலும் பலமாக இல்லை. விடுவித்ததும் அது உடைந்து நொறுங்கியது. பாராசூட் விபத்தில் இறந்தவர்களில் முதலாமவராக வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்.

இன்று டேண்டம் குதிக்கப் போனதும் முதலில் எடை போடும் மெஷினில்தான் ஏறச் சொல்வார்கள். பாராசூட்டைத் தேர்ந்தெடுப்பதும், உங்களுக்கு எந்தப் பயிற்றுநர் என்று முடிவு செய்வதும் அந்த எண்ணை வைத்துத்தான். எடையைக் குறைத்துச் சொல்கிற பழக்கம் உள்ளவர்கள் (நம் வீட்டிலேயே இரண்டு பேர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்) காக்கிங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாரிஸ். ஃபிரான்ஸ் ரைஷெல்ட் ஒரு தையல்காரர். விமானிகள் உடுத்திக்கொண்டே பறக்கக்கூடிய பாராசூட் உடை ஒன்றைத் தைத்தார். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லி ஈஃபில் கோபுரத்தில் ஏற அனுமதி வாங்கினார். 1912 பிப்ரவரி 4 அன்று பொம்மைக்குப் பதிலாகத் தானே உடையை மாட்டிக்கொண்டு முதல் தளத்திலிருந்து குதித்தார். ஏறத்தாழ 57 மீட்டர் உயரம். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. உடை விரியவில்லை. அது படச்சுருளிலும் பதிவாகியிருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டாம். இப்போது எந்தப் பாராசூட் அமைப்பும் பலமுறை சோதனை செய்யப்பட்டு, சான்று பெற்ற பிறகுதான் மனிதர் முதுகில் ஏறுகிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருந்தது. வானத்தில் சும்மா விழுகிற மனிதன் மயங்கிவிடுவான், கையைக் கூட அசைக்க முடியாது என்று. அதனால் பாராசூட்டை விமானத்தோடு ஒரு கயிற்றால் கட்டி, அந்தக் கயிறே இழுத்து விரிக்கும்படி வைத்தார்கள். 1914இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராணுவத்தினருக்கு முன்னால் குதித்துக் காட்டிக்கொண்டிருந்த டைனி பிராட்விக் என்ற பெண்ணின் கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. ஆகவே அடுத்த முறை கயிற்றை நறுக்கி, சிறு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, விழுந்தபடியே தன் கையால் இழுத்துப் பாராசூட்டை விரித்தார். 1919 ஏப்ரல் 28 அன்று லெஸ்லி இர்வின், அமெரிக்க ராணுவ சோதனைக் குழுவுக்காக, கைப்பிடியை இழுத்து விரிக்கும் பாராசூட்டோடு குதித்து வெற்றி பெற்றார். மயங்கவில்லை. ஆனால் தரையில் இறங்கும்போது கணுக்கால் உடைந்தது.

“இறங்கும்போது இரண்டு காலையும் நன்றாக முன்னால் தூக்குங்கள்” என்று அந்த அரைமணியில் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கணுக்காலைக் காப்பாற்றத்தான். டேண்டத்தில் முன்னால் இருப்பது நீங்கள். உங்கள் கால் முதலில் தரையில் மாட்டினால் பின்னால் இருப்பவரின் எடையும் உங்கள் மேல்தான் வரும்.

இரண்டாம் உலகப் போரில் பட்டு போய் நைலான் வந்தது. போருக்குப் பிறகு குதிப்பது விளையாட்டாகவும் வளர்ந்தது. ஆனால் கற்றுக்கொள்ளும் முறை ராணுவ முறைதான். ஒரு நாள் முழுவதும் தரையில் பயிற்சி, மேடையிலிருந்து குதித்து உருளப் பழகுவது, பிறகு விமானத்தில் ஏற்றிச் சுமார் 3,000 அடியில் தனியாக வெளியே அனுப்புவது. பாராசூட்டை விமானத்தோடு கட்டிய கயிறு விரித்துவிடும். ஆசிரியர் விமானத்துக்குள்ளேயே நிற்பார். மாணவர் மட்டும் போவார். மேலே ஏதாவது தவறானால் மாணவரே யோசித்து, மாணவரே முடிவெடுக்க வேண்டும். அது அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பு!

நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வகுப்பறையில் நின்றவள் என்பதால் இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயத்தில் இருக்கும் பிள்ளைக்கு முதல் நாள் சொன்னது எதுவும் மறுநாள் நினைவில் நிற்காது. தேர்வு அறையில் பார்த்திருக்கிறேன். தரையில் நன்றாகக் கேட்டுக்கொண்ட மாணவரும் விமானக் கதவில் நிற்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிடலாம். அந்த இடத்தில்தான் ஆசிரியர் கூட இருக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. ஒன்று, 1960களில் டொமினா ஜால்பெர்ட் என்பவர் உருவாக்கிய செவ்வகப் பாராசூட். வரிசையாகத் தைத்த துணி அறைகளுக்குள் காற்று புகுந்து, விமான இறக்கை போல் உப்பிக்கொள்ளும். பழைய வட்டக் குடை காற்று தள்ளுகிற பக்கம் போகும். இதை இடது வலது என்று திருப்பலாம், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கலாம். இரண்டு பேரை மெதுவாகத் தரையில் வைக்க இது அவசியம். மற்றொன்று, 1970களில் பில் பூத் செய்த மூன்று வளையப் பூட்டு. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் மூன்று வளையங்கள் நெம்புகோல் போல வேலை செய்யும். கோளாறான பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட்டு மாற்றுப் பாராசூட்டை விரிக்கலாம்.

இதே பில் பூத்தும் டெட் ஸ்ட்ராங்கும் 1983, 84 வாக்கில் டேண்டம் முறையை உருவாக்கினார்கள். ஆரம்பத்தில் ஒரு பெரிய சிக்கல். நம் ஏழாம் வகுப்பு அறிவியல்தான் இது. ஒருவர் வயிறு கீழே இருக்கும்படி விழுந்தால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துக்கு அருகில் போனதும் காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிடும், அதற்கு மேல் வேகம் கூடாது. டேண்டத்தில் எடை இரண்டு மடங்கு. ஆனால் ஒருவர் முதுகின் மேல் ஒருவர் இருப்பதால் காற்றில் மோதும் பரப்பு கிட்டத்தட்ட ஒருவருடையதுதான். அதனால் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர் வரை போனது. அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் துணி கிழியும், உடம்பு தாங்காது.

இதற்குத் தீர்வு ‘டிரோக்’ எனும் சின்னப் பாராசூட். குதித்த சில விநாடிகளில் பயிற்றுநர் அதை வீசுவார். அது பின்னால் இழுத்து, வேகத்தை ஒருவர் விழும் அளவுக்குக் கொண்டுவரும். இந்த உத்தி ஏற்கெனவே தெரிந்ததுதான். ஜோசப் கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி 1960 ஆகஸ்ட் 16 அன்று 102,800 அடியிலிருந்து குதித்தபோது, உடம்பு பம்பரமாகச் சுழலாமல் காத்தது ஒரு சிறிய பாராசூட்தான். அதற்கு முந்தைய ஆண்டுச் சோதனையில் அந்தச் சின்னப் பாராசூட் முன்னதாகவே வெளியே வந்து கழுத்தில் சுற்றி, நிமிடத்துக்கு 120 முறை சுழன்று நினைவிழந்தார். தானாக விரியும் பாராசூட்தான் அவரைக் காப்பாற்றியது.

“உடம்பை வில் போல வளையுங்கள், இடுப்பு முன்னால், கால் பின்னால்” என்று சொல்வதும் சுழலாமல் இருக்கத்தான். இறகுப்பந்தை எப்படி எறிந்தாலும் கனமான பக்கம் கீழே திரும்பி நேராக வரும் இல்லையா, அதே தத்துவம். இடுப்பு முன்னால் வந்தால் உடம்பு தானாகவே வயிறு கீழே இருக்கும்படி நிலைக்கு வரும். உடம்பைச் சுருட்டிக்கொண்டால் உருளும்.

1991இல் ஜெர்மனியிலிருந்து ‘சைப்ரஸ்’ என்ற கருவி வந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். டேண்டத்தில் சுமார் 1,900 அடிக்கு வந்தும் வேகம் குறையவில்லை என்றால் தானே மாற்றுப் பாராசூட்டை விரித்துவிடும். பயிற்றுநர் மயங்கினால் என்ன ஆகும் என்று அழுகிற அம்மாக்களுக்கு இதுதான் பதில். இவ்வளவுக்கும் பிறகு, அமெரிக்க அரசு 2001இல்தான் டேண்டம் முறையைச் சாதாரண விதிகளுக்குள் சேர்த்தது. அதுவரை சிறப்பு அனுமதியின் பேரில்தான் நடந்தது. அங்கே டேண்டம் பயிற்றுநராக, மூன்று வருட அனுபவமும் 500 குதிப்புகளும் குறைந்தபட்சத் தேவை.

ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த மாற்றம் முழுவதையும் பார்க்கலாம். அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ், 1944 செப்டம்பர் 2 அன்று, இருபது வயதில், பசிபிக் கடலில் சிச்சி ஜிமா தீவருகே சுடப்பட்ட விமானத்திலிருந்து தனியாகக் குதித்தார். அவசரத்தில் பாராசூட்டைச் சீக்கிரமே இழுத்துவிட்டதால் தலை விமான வாலில் மோதியது, துணியும் கிழிந்தது. உடன் சென்ற இருவரும் இறந்தார்கள். அவரை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் மீட்டது. 2014 ஜூன் 12, அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள். கால்கள் நடக்க உதவாத நிலையில், பயிற்றுநர் ஒருவரோடு டேண்டமாகக் குதித்து ஊரில் வந்து இறங்கினார்.

சரி, குதிக்கப் போகிறவர்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

இதயக் கோளாறு, வலிப்பு, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், தோள் மூட்டு விலகிய வரலாறு என எது இருந்தாலும் முதலிலேயே மருத்துவரிடமும் பயிற்சி மையத்திலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம், மூக்கு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முதல் நாள் இரவு மது கூடவே கூடாது. கடலுக்கடியில் ஸ்கூபா டைவிங் செய்திருந்தால் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கயிறு கட்டிய ஷூ போடுங்கள். தோடு, சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும் என்று படித்தோமே, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் கீழே இருப்பதைவிட 25 டிகிரி குறைவாக இருக்கும். முழுக்கை உடை நல்லது.

பயிற்றுநரின் உரிமம், மாற்றுப் பாராசூட் கடைசியாக எப்போது பிரித்து மடிக்கப்பட்டது (அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை கட்டாயம்), தானாக விரியும் கருவி இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடமாக இருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள். காற்று சரியில்லை என்று அவர்கள் ஒத்திவைத்தால் சண்டை போடாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

குதிக்கும்போது கதவையோ பயிற்றுநரின் கையையோ பிடிக்காதீர்கள். உங்கள் மார்புப் பட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய கைகளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டேண்டத்திலும் விபத்து நடந்திருக்கிறது, அவர்கள் கையெழுத்து வாங்கும் காகிதத்திலேயே அது எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் விமானக் கதவு வரை போனபிறகும் “வேண்டாம்” என்று சொல்லலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அரைமணி நேரம் போதுமா என்றால், போதும். விமானத்தில் ஏறியபின்னும் பாடம் முடிவதில்லை. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொக்கிகளால் ஆசிரியர் உங்களோடு மாட்டப்பட்டிருக்கிறார். உங்களுக்கு என்ன ஆகுமோ அதுவே அவருக்கும். மாணவர் மறந்ததை ஆசிரியர் காதருகே நினைவூட்டுவார். ஆனால் அந்த அரைமணியில் செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். சொல்வதைக் கேளுங்கள், செய்து காட்டச் சொன்னால் வெட்கப்படாமல் தரையில் படுத்துச் செய்து காட்டுங்கள், புரியாததை மறுபடி கேளுங்கள்.

நம் பிள்ளைகளில் ஏற்கெனவே குதித்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்