செலரானும் டியூரானும்: வேகம் எங்கே வெட்டப்பட்டது?

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏஎம்டி நிறுவனம் டியூரான் என்ற மலிவு விலை பிராசஸரை 600, 650, 700 மெகாஹெர்ட்ஸ் என மூன்று வேகங்களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு எதிரில் நின்றது இன்டெலின் செலரான். அதிலும் 600 உண்டு, 700 உண்டு. கம்ப்யூட்டர் வாங்கப் போனவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்தான். எண் ஒன்றென்றால் வேகமும் ஒன்று என்றே அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. விளையாட்டுகளிலும் சரி, கணக்கு மிகுந்த வேலைகளிலும் சரி, 700 மெகாஹெர்ட்ஸ் டியூரான் அதே எண் கொண்ட செலரானைத் தெளிவாக முந்தியது. தன்னைவிட விலை கூடிய அண்ணனான அத்லானுக்கும் அது அதிகம் பின்தங்கவில்லை. இதை ஏஎம்டி பொறியாளர்களின் திறமை என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி வரலாறு விட்டுப்போகும். மலிவு சிப் மெதுவாக ஓடியதற்குப் பெரும்பாலும் காரணம் சிலிக்கானின் இயல்பு அல்ல, விற்பனைப் பிரிவின் கணக்கு. டியூரானோடு ஒப்பிட்டபோதுதான் அந்தக் கணக்கு பளிச்சென்று வெளியே தெரிந்தது.

இரண்டையும் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். பிராசஸர் வெளியுலகத்தோடு, அதாவது ரேமோடும் மற்ற பாகங்களோடும் பேசும் பாதைக்கு ஃபிரண்ட் சைடு பஸ் என்று பெயர். செலரானில் அது 66 மெகாஹெர்ட்ஸ்; ஒரு நொடிக்கு அதிகபட்சம் 533 மெகாபைட் போகலாம். டியூரானின் பஸ் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடி, ஒவ்வொரு துடிப்புக்கும் இருமுறை தரவு அனுப்பியது. அதனால் 1,600 மெகாபைட். அன்றைய எஸ்டிரேம் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது என்பதால் மூன்று மடங்கும் கைக்கு வந்துவிடவில்லைதான். ஆனாலும் 700 செலரானின் உட்கரு பத்தரை முறை துடித்தால் அதன் பஸ் ஒரே ஒரு முறை துடிக்கும். தேவையான தரவு உள்ளே இல்லையென்றால் மீதித் துடிப்புகள் காத்திருப்பிலேயே கழியும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் கேஷ் நினைவகம். செலரானில் 32 கிலோபைட் முதல்நிலை கேஷும் 128 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷும் இருந்தன. முதலாவதில் இருப்பது இரண்டாவதிலும் பிரதியாகக் கிடக்கும். டியூரானில் முதல்நிலையே 128, இரண்டாம் நிலை 64. ஒன்றில் இருப்பது மற்றதில் இராது. எனவே 192 கிலோபைட்டும் முழுசாகப் பயன்பட்டது.

இனிதான் முக்கியமான இடம். அந்தச் செலரான் தனியாக வடிவமைத்த சிறிய சிப் அல்ல. இன்டெலின் விலை கூடிய காப்பர்மைன் பென்டியம் 3 எதுவோ அதே சிப்தான். அதே 2 கோடியே 81 லட்சம் டிரான்சிஸ்டர்கள். 256 கிலோபைட் கேஷில் பாதியை முடக்கி, பஸ்ஸைக் குறைத்து, வேறு பெயரில் விற்றார்கள். பென்டியம் 2 பிராசஸர் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு மாறியது 1998 ஏப்ரலில். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பென்டியம் 3 பிராசஸரில் 133 வந்துவிட்டது. செலரான் மட்டும் 66-லேயே நின்றது. அதற்குமேல் அதனால் முடியாது என்பதல்ல காரணம். 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ-யை வாங்கியவர்கள் மதர்போர்டில் பஸ்ஸை 66-லிருந்து 100 ஆக்கினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடி, பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 450-ஐ எட்டிப்பிடித்தது. டியூரான் வந்து ஏழு மாதத்துக்குள், 2001 ஜனவரியில், 800 மெகாஹெர்ட்ஸ் செலரானுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை இன்டெலே கொடுத்தது. போட்டி வந்ததும் கொடுக்க முடிந்ததை அதற்கு முன்பும் கொடுத்திருக்கலாம். முழுச் சிப்பின் ஒரு பகுதியை முடக்கி விற்கும் இந்தப் பழக்கம் செலரானோடு பிறந்ததும் அல்ல. 1991-ல் வந்த இன்டெலின் 486எஸ்எக்ஸ், கணிதப் பகுதி முடக்கப்பட்ட 486டிஎக்ஸ்தான். அந்தப் பகுதி வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதுவோ ஒரு முழு 486. சொருகியதும் பழைய சிப்பை உறங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய சிப் மதர்போர்டில் சும்மா கிடந்தது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. சிலிக்கான் தகட்டில் உருவாகும் சிப்புகள் அனைத்தும் பழுதில்லாமல் வருவதில்லை. கேஷ் பகுதியில் பழுதுள்ளவற்றைத் தூக்கியெறியாமல் பாதியை முடக்கி மலிவாக விற்பது வாங்குபவருக்கும் நல்லதுதானே என்பார்கள். கேஷைப் பொறுத்தவரை நியாயமான வாதம். ஆனால் பஸ்ஸுக்கு இது பொருந்தாது. கேஷில் பழுதிருப்பதற்கும் பஸ் 66-ல் ஓடவேண்டும் என்பதற்கும் தொடர்பே இல்லை. டியூரானைச் செய்தவர்கள் வேறு வழி காட்டினார்கள்: அத்லானின் 3 கோடியே 70 லட்சம் டிரான்சிஸ்டர்களை இரண்டரைக் கோடியாகக் குறைத்துச் சிறிய சிப்பாகவே வடித்தார்கள், ஒரு தகட்டில் அதிக சிப்புகள் கிடைத்தன, பஸ்ஸில் கைவைக்கவில்லை. உற்பத்திச் செலவைக் குறைப்பதும் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதும் வெவ்வேறு காரியங்கள்.

சிப்பை மட்டும் ஒப்பிடுவது போதாது என்ற இன்னொரு மறுப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். யாரும் வெறும் சிப்பை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்வதில்லை. செலரானுக்கு 810 சிப்செட் கொண்ட மதர்போர்டு கிடைத்தது. கிராஃபிக்ஸ் அதிலேயே இருந்ததால் தனி கார்டுக்குச் செலவில்லை. டியூரானுக்கான சாக்கெட் ஏ மதர்போர்டுகளில் தொடக்கத்தில் அந்த வசதி இல்லை. வெப்பத்திலும் செலரானே பாதுகாப்பானது: சூடு எல்லை மீறினால் தானாக நின்றுவிடும். டியூரானில் அந்தக் காவல் இல்லை. அதன் மேல்தட்டில் மூடியில்லாமல் நகக்கண் அளவு சிலிக்கான் துருத்திக்கொண்டிருக்கும்; ஹீட்சிங்கின் கம்பிக் கிளிப்பைச் சற்றுச் சாய்த்து அழுத்தினாலே மூலை உடைந்து சிப் பாழாகிவிடும். கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் மட்டும் கம்ப்யூட்டர் வாங்கிய அலுவலகம் செலரானை எடுத்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வேகம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு இவை எதுவும் பதிலாகாது.

ஏஎம்டியை நல்லவர் பக்கமாகவும் இன்டெலைக் கெட்டவர் பக்கமாகவும் நிறுத்த இந்த வரலாறு இடம் தரவில்லை. 2003-ல் கடைசித் தலைமுறை டியூரான் வந்தபோது, ஏஎம்டி தனிச் சிறிய சிப் எதையும் வடிக்கவில்லை. அப்போதைய அத்லான் எக்ஸ்பி-யின் சிப்பையே எடுத்து, 256 கிலோபைட் கேஷில் 64 மட்டும் விட்டுவிட்டு மீதியை முடக்கி விற்றது. மேல்தட்டிலுள்ள பொடிப்பொடி இணைப்புப் புள்ளிகளை மின்கடத்தும் பூச்சால் சேர்த்துப் பார்த்தவர்களில் சிலருக்கு முழு 256-ம் திரும்பக் கிடைத்தது. அந்தச் சிப்புகளில் பழுது எதுவும் இருந்திருக்கவில்லை.