ஸ்கீனா முகத்துவாரத்தின் மழைத் துறைமுகம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அலாஸ்கா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, கேயன் தீவின் பாறைச் சரிவில் அமைந்துள்ள பிரின்ஸ் ரூபர்ட் ஏறத்தாழ 12,000 பேர் வாழும் சிறு நகரம்; ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இவ்விடத்தைச் சுற்றிய கடற்கரையில் சிம்ஷியான் என்னும் தொல்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர்.

நகரமோ ஒரு ரயில் நிறுவனத்தின் கணக்கிலிருந்து பிறந்தது. உறைபனியால் மூடப்படாத ஆழமான இயற்கைத் துறைமுகமும், வான்கூவரைவிட ஆசியாவுக்குக் குறைந்த கடல் தொலைவும் கிராண்ட் டிரங்க் நிறுவனத் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸைக் கவர்ந்தன. பாஸ்டன் நகர வல்லுநர்கள் தெருக்களை வரைந்து தர, நீர் ஊறிய கரிச்சதுப்பையும் பாறையையும் வெட்டித் திருத்தி எழுப்பப்பட்ட ஊர் 1910இல் நகராட்சியாயிற்று. முதலீடு தேடி இங்கிலாந்து சென்ற ஹேஸ் 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலில் திரும்புகையில் மூழ்கி இறந்தார். 1914இல் தண்டவாளம் இணைந்த சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. எதிர்பார்த்த சரக்கு வரவில்லை, 1919இல் ரயில் நிறுவனமும் நொடித்தது. இத்தோல்வியை ஹேஸின் மரணத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது வழக்கம்; கடன் சுமையோ அவர் உயிரோடிருந்தபோதே ஏறியிருந்தது.

ஊரைத் தாங்கியது மீன். ஸ்கீனா ஆற்றில் முட்டையிட ஏறிவரும் சால்மனைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகள் நகரத்துக்கு முன்பே தோன்றியிருந்தன. அருகிலுள்ள போர்ட் எட்வர்டில், நீரின்மேல் மரத்தூண்களில் நிற்கும் நார்த் பசிபிக் ஆலை 1889இல் நிறுவப்பட்டது. மீனைக் கழுவிக் குவளைகளில் நிரப்பும் வேலையைப் பெரும்பாலும் தொல்குடிப் பெண்களும், வெட்டும் வேலையைச் சீனரும் செய்தனர். ஜப்பானியர் பலர் மீன்பிடிப்பிலும் படகு கட்டுவதிலும் ஈடுபட்டனர். சீனத் தொழிலாளரை, தேயிலைத் தோட்டங்களின் கங்காணியைப் போன்ற ஓர் இடைத்தரகர் பருவத்துக்குப் பருவம் திரட்டித் தந்தார். குடியிருப்புகளும் இனவாரியாகப் பிரிந்திருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மீன் வெட்டும் எந்திரம், தான் வேலையிழக்கச் செய்த சீனரையே இழித்துக் கூறும் பெயரோடு விற்கப்பட்டது என்பது அக்காலத் தொழிலுலகின் மனப்போக்கை வெளிப்படையாகவே காட்டுகிறது. நகரத்திலேயே ஹாலிபட் என்னும் பெரிய தட்டைமீன் பனிக்கட்டியில் பொதியப்பட்டு ரயிலில் கிழக்கே சென்றது. ஆசியப் பட்டுக்கும் தேயிலைக்கும் என எண்ணிப் போட்ட பாதை மீனுக்குப் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை இத்துறைமுகத்திலிருந்து அலாஸ்காவுக்கு வீரர்களையும் தளவாடங்களையும் அனுப்பியது. அதுவரை ரயிலும் கப்பலுமே வழியாயிருந்த ஊருக்கு உள்நாட்டுச் சாலையும் அப்போதுதான் வந்தது. அதே போர், ஜப்பானிய வம்சாவளியினரின் படகுகளைப் பறித்து, 1942இல் அவர்களையும் கடற்கரையிலிருந்து வெளியேற்றியது.

1981இல் இயக்கத்தை நிறுத்திய நார்த் பசிபிக் ஆலை இன்று அருங்காட்சியகம். வேலையாட்களின் வரிசை வீடுகளையும் எந்திரங்களையும் அங்கே பயணிகள் காணலாம். ஹேஸ் எண்ணிய ஆசிய இறக்குமதி வணிகமோ 2007இல் சரக்குப் பெட்டக முனையம் திறந்த பின்னரே பேரளவில் கைகூடியது. ஆயினும் இறங்கும் பெட்டகங்களில் பெரும்பாலானவை ஊரில் தங்காமல் ரயிலேறிச் சிகாகோ போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போய்விடுகின்றன.